முழங்கால் தாங்கும் வரை ஒரு கூட்டம்

போன வருஷத்துக்கு முந்திய வருஷம், ஐப்பசி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த நாட்களில், கண்டி மஹய்யாவவில் எங்கள் வீட்டு மேல்மாடியில் நடந்தது இது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். கதை அவளுடைய புருஷனைப் பற்றியது என்பதால் இடைக்கிடை பேனையை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். எழுதடி என்கிறேன். மாப்பிள்ளையிடம் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தேன். "சொல்லுங்க அத்தை, ஆனா என்னைய ரொம்ப நல்லவனாக் காட்டிறாதீங்க" என்று சிரித்தார்.

அவர் கம்ப்யூட்டருக்கு மென்பொருள் செய்யும் ஒரு கம்பெனியில் மேனேஜர். தலைமை ஆபிஸ் கொழும்பில். கண்டியில் இருப்பது சின்னக் கிளை. அந்த மழையில் ஆபிஸுக்குப் பின்னாலிருந்த மண்மேடு சரிந்து சுவரில் சாய்ந்துவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, கடவுள் புண்ணியம். ஆனால் என்ஜினியர் வந்து சுவரைப் பார்த்துச் சொல்லும்வரை உள்ளே போகக்கூடாது என்றுவிட்டார்கள். மாப்பிள்ளை வந்து என்னிடம் கேட்டார்.

"அத்தை, மேல்மாடி சும்மாத்தானே கெடக்கு. ஒரு மாசத்துக்கு எங்க பிள்ளைங்கள அங்க வச்சுக்கவா?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் வீட்டுக்காரர் போனபிறகு அந்த மாடியில் பழைய அண்டாவும் ஓடாத ஃபேனும்தான் குடியிருந்தன. உடனே கூட்டித் துடைத்து, ஜன்னல் சீலைகளைத் தோய்த்துப் போட்டு, கல்யாண வீடு மாதிரி ஆக்கிவிட்டேன். அந்த ஒரு மாதத்தில் மாப்பிள்ளையின் வேலையே கயிற்றில் தொங்கப்போகிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. அவர் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வந்தவர்கள் ஐந்து பேர். அவர்களுக்குத் தலைவி மாதிரி ஒரு முஸ்லிம் பிள்ளை, தினமும் திகனயிலிருந்து பஸ்ஸில் வருவாள். குண்டசாலையிலிருந்து ஒரு சிங்களத் தம்பி. அவன் உயரத்துக்கு எங்கள் மாடிப்படி போதாது, ஒவ்வொரு தடவையும் தலையை இடித்துக்கொண்டு "அம்மே" என்பான். அப்புறம் யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருத்தி, பேசினால் காதைக் கிட்டக் கொண்டுபோக வேண்டும். மற்ற இரண்டு பேர் சாப்பிடுவதற்கு மட்டும்தான் வாயைத் திறந்தார்கள். நான் அதையும் குறையாகச் சொல்லவில்லை, சமைக்கிறவளுக்கு அப்படிப்பட்டவர்களைத்தான் பிடிக்கும்.

அவர்கள் செய்துகொண்டிருந்தது டவுனில் இருக்கிற ஒரு தனியார் கிளினிக்குக்கான வேலை. டொக்டரைப் பார்க்க வீட்டிலிருந்தே போனில் நம்பர் எடுக்கலாமாம். எனக்கு அந்த கிளினிக்கை நல்லாத் தெரியும். விடியக் காலையில் போய் கேட்டடியில் நின்றால்தான் நம்பர். ஆகவே பிள்ளைகள் மேல் எனக்குத் தனிப் பாசம் வந்துவிட்டது.

முதல் நாள் காலையில் தேத்தண்ணித் தட்டோடு மேலே போனேன். போய்ப் பார்த்தால் சுவர் முழுக்க மஞ்சளும் பச்சையுமாகக் கடதாசித் துண்டுகள் ஒட்டியிருக்கின்றன. அதற்கு முன்னால் எல்லோரும் வட்டமாக நிற்கிறார்கள். ஆளுக்கொரு வார்த்தை சொல்கிறார்கள், ஒரு கடதாசியைப் பிடுங்கி அடுத்த பக்கம் ஒட்டுகிறார்கள். மாப்பிள்ளை மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, பிடிக்காத பெண்ணைப் பார்க்க வந்தவர் மாதிரி ஓரத்தில் நின்றார்.

எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. என் வீட்டுக்கு வந்தவர்கள் நிற்கிறார்களே! எங்கள் வீட்டில் மின்சாரக் கணக்குப் பார்க்க வருகிறவரைக்கூட ஒரு நிமிஷம் உட்கார வைத்துத்தான் அனுப்புவோம். ஓடிப்போய்ச் சாப்பாட்டு மேசைக் கதிரைகளை ஏற்றச் சொன்னேன். போதவில்லை. பக்கத்து வீட்டில் பிளாஸ்டிக் கதிரைகள் வாங்கினேன். என் வீட்டுக்காரரின் சாய்மானக் கதிரையைத் துடைத்து மாப்பிள்ளைக்குப் போட்டேன். பிள்ளைகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். ஆனால் வயசானவள் மூச்சு வாங்கக் கதிரை கொண்டுவந்தால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்கள்? உட்கார்ந்தார்கள். நான் வாசலுக்கு வெளியே வந்தபிறகுதான் மாப்பிள்ளை சாய்ந்து உட்கார்ந்து, "இப்பதான் அத்தை மீட்டிங் மாதிரி இருக்கு" என்றார். எனக்கு ஒரே பெருமை.

அதன்பிறகு தினமும் கதிரை, இஞ்சி போட்ட பிளேன்டீ, அவித்த மரவள்ளிக்கிழங்கு, தொட்டுக்கொள்ளக் கட்டச் சம்பல். நான் வாசலுக்கு அந்தப் பக்கம் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பேன். மாமியார் மாப்பிள்ளைக்கு முன்னால் உட்காருவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. நான் உள்ளே போய் நின்றால் அவரும் எழும்பிவிடுவார், கல்யாணம் முடித்த நாளிலிருந்து அப்படி ஒரு மரியாதை. அவர் நிம்மதியாக உட்காரட்டும் என்றுதான் நான் கதவுக்குப் பின்னால் நிற்பது.

அங்கே நின்று கேட்டதில் எனக்கு ஒன்று விளங்கியது. கூட்டம் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போனது. முதல் நாள் ஒருத்தரோடொருத்தர் பேசிய பிள்ளைகள் இப்போது மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்து மட்டும் பேசினார்கள். அவர் ஒவ்வொருத்தரிடமும், "ஏன் முடியல?" என்று கேட்பார். அவர்கள் குனிந்துகொள்வார்கள். எனக்கு எழுத்துத்தான் தெரியாது, நிறம் தெரியுமே. மஞ்சள் கடதாசிகள் ஒட்டிய இடத்திலேயே கிடந்தன.

ஒரு நாள் திகனப் பிள்ளை கோப்பைகளைக் கழுவ என்னோடு குசினிக்கு வந்தாள். வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டாள். முகம் வாடியிருந்தது.

"என்னடி பிள்ளை, கிழங்கு பிடிக்கலையா?"

"கிழங்கு நல்லம் பாட்டி. ஒண்ணு செல்லவா? கோவிக்க வாணாம்."

"சொல்லு."

"அந்தக் கதிரைதான் பாட்டி."

அப்புறம் அவள் மெதுவாகச் சொன்னாள். அவர்கள் பழகப் பார்ப்பது ஒரு புது முறையாம், அஜைல் என்று பேர். வேலையைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்து, துண்டுக்கொரு மஞ்சள் கடதாசி ஒட்டி, முடிய முடிய அதை அடுத்த பக்கம் மாற்றி, ஒவ்வொரு துண்டு முடிந்ததும் பாவிக்கிறவர்களிடம் கொடுத்துப் பார்ப்பது. யார் எதைச் செய்வது என்று பிள்ளைகளே பேசி எடுப்பது. காலையில் நின்றுகொண்டு பேசுவதும் அதில் ஒரு பழக்கம்தான். நின்றால் கால் வலிக்கும், பேச்சு சுருக்கமாக முடியும், அதோடு தலைமைக் கதிரை என்று ஒன்று இருக்காது. மாப்பிள்ளையை அவர்கள் சேர் என்பார்கள்.

"சேருக்கு இது புடிக்கல்ல பாட்டி. எல்லாத்தையும் நாங்களே முடிவெடுத்தா அவருக்கு என்ன வேலைன்னு நினைக்கிறார் போல. மாசக் கடைசியில கொழும்புல இருந்து பெரிய மாத்தயா வாறார், சேருக்கும் மேல உள்ளவர். புது முறை நடக்கல்லன்னு கண்டா, டீமை சேர்க்கிட்ட இருந்து எடுத்துக் கொழும்புல வேற ஆளுக்குக் குடுக்கப் போறாங்க. எங்களுக்கு வேலை ஈக்கும். சேருக்குத்தான் இங்க ஒண்ணும் ஈக்காது."

 என் மகளின் குடும்பம், பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூடம், எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது. இத்தனை நாளும் நான் சம்பலும் கிழங்குமாகச் சுமந்துபோய் என் மாப்பிள்ளையின் வேலைக்கு அல்லவா குழி வெட்டியிருக்கிறேன்! அவர் விழுவதற்கு வசதியாகச் சாய்மானக் கதிரை வேறு!

(இந்த இடத்தில் என் மகள் பேனையை வைத்துவிட்டாள். அவளுக்கே இது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும்.)

மாப்பிள்ளையிடம் நேரே போய்ப் பேச முடியுமா? முடியாது. மாமியார் வேலை விஷயத்தில் வாய் வைத்தால் வீடு இரண்டாகிவிடும். கதிரைகளைத் திருப்பிக் கொடுத்தால் அவர் வேறு வாங்குவார். அன்றைக்கு முழுக்க யோசித்தேன். கீரை கருகியது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். என்னிடம் இருப்பது ஒரேயொரு பலம், அவர் எனக்குத் தருகிற மரியாதை. அதைப் பிடித்துக்கொள்வதுதான்.

மறுநாள் காலை எல்லோரும் உட்கார்ந்தபிறகு கதவுக்குப் பின்னால் நிற்காமல் நேரே உள்ளே போய் வட்டத்துக்கு நடுவில் நின்றேன்.

"என்ன அத்தை, ஏதும் வேணுமா?" மாப்பிள்ளை எழும்பிவிட்டார். "உக்காருங்க."

"நீங்க இருக்கிற எடத்தில நான் எங்க மாப்பிள்ளை உக்கார்றது? நிக்கிறேன். நீங்க நடத்துங்க."

அவர் நின்றதும் மற்றவர்களும் எழும்பினார்கள். கதிரைகள் எல்லாம் சும்மா நின்றன.

"இது முடிய நேரமாகும் அத்தை. கீழ போய் இருங்களேன்."

"என் முழங்கால் தாங்குற வரைக்கும் நிக்கிறேன். அதுக்குள்ள முடிச்சிருங்க."

குண்டசாலைத் தம்பி இருமுவது மாதிரி வாயைப் பொத்திக்கொண்டான். மாப்பிள்ளை பெருமூச்சு விட்டு, "சரி, சொல்லுங்க" என்றார். எல்லோரும் சுருக்கமாகச் சொன்னார்கள். யாராவது இழுத்தால் நான் "முருகா" என்று முழங்காலைப் பிடித்தேன். பாதி நடிப்பு, பாதி நிஜம். ஒரு சுற்று முடிந்ததும் திகனப் பிள்ளை என் பக்கம் திரும்பினாள்.

"பாட்டியும் வட்டத்தில ஈக்கிறாங்க. பாட்டியும் செல்லணும். நேத்து என்ன செஞ்சீங்க, இன்டைக்கு என்ன செய்வீங்க, என்ன தடை?"

"நேத்து கீரையைக் கருக்கினேன். இன்னிக்குப் பலாக்கொட்டைக் கறி. தடை என்னன்னா, குசினிக் குழாயில தண்ணி நூல் மாதிரி வருது. அரிசி களையவே அரை நாள் போகுது."

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை மட்டும் போனை எடுத்து, "அதை நான் பாத்துக்கிறேன் அத்தை" என்று அங்கேயே குழாய்க்காரரைக் கூப்பிட்டுப் பேசினார். பேசி முடித்துப் போனைப் பையில் வைக்கப் போகும்போது யாழ்ப்பாணத்துப் பிள்ளை தொண்டையைச் செருமினாள்.

"சேர், எனக்கும் ஒரு தடை இருக்கு. கொழும்பில இருந்து ஒரு அனுமதி வரவேணும். கன நாளாப் பாத்துக்கொண்டிருக்கிறன்."

"ஏம்மா, இத்தனை நாளாச் சொல்லல்ல?"

"நீங்கள் ஏன் முடியேல்லை எண்டுதானே கேட்டனீங்கள். என்ன தடை எண்டு கேக்கேல்லையே, சேர்."

   மாப்பிள்ளை அதே போனில் கொழும்புக்கு எடுத்தார். அன்று மத்தியானமே ஒரு மஞ்சள் கடதாசி இடம் மாறியது. சோறு போடும்போது அந்தப் பிள்ளை, "அம்மம்மா, இன்னும் கொஞ்சம்" என்று தானாகக் கேட்டாள். அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

நான் விடவில்லை. தினமும் காலையில் கைப்பிடியைப் பிடித்துப் படியேறி, வட்டத்தில் போய் நின்றேன். கொஞ்ச நாளில் கதிரைகள் தாமாகவே சுவரோரம் போய்விட்டன. ஆனால் மாப்பிள்ளை முழுக்க மாறிவிட்டார் என்று நினைத்துவிட வேண்டாம். போனில் நம்பர் எடுக்கிற பக்கம் முடிந்துவிட்டது, அதை மட்டும் முதலில் கிளினிக்குக்குக் கொடுத்துப் பாவிக்க விடலாம் என்று திகனப் பிள்ளை கேட்ட அன்று, அவர் முகம் பழையபடி இறுகிவிட்டது.

"அரைகுறையாக் கொண்டுபோய்க் காட்டி மானத்த வாங்கச் சொல்றியா? எல்லாம் முடியட்டும். பெயின்ட் அடிக்காத வீட்டுக்கு யாராச்சும் பால் காய்ச்சுவாங்களா?"

"எங்கட ஊட்ல கூரை போட்ட உடனேயே குடி வந்துட்டோம் சேர். பெயின்ட் இன்னமும் அடிக்கல்ல."

குண்டசாலைத் தம்பி இந்த முறை இருமவே இல்லை, வாய்விட்டுச் சிரித்தான். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. "இது வீடு இல்ல" என்று பேச்சை முடித்துவிட்டார். இதற்கு என்னிடமும் மருந்து இல்லை. உண்மையைச் சொன்னால், அவர் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது. முடியாத வேலையை நானும் யாருக்கும் காட்டமாட்டேன்.

இதற்கிடையில் படியேறிப் படியேறி என் வலது முழங்கால் பலாக்காய் மாதிரி வீங்கிவிட்டது. மகள் என்னைத் திட்டிய திட்டை அவளே எழுத மறுக்கிறாள். எலும்பு டொக்டர் வருவது அதே கிளினிக்குக்குத்தான். மாப்பிள்ளையே காரில் கூட்டிப்போனார். வெளிச்சம் சரியாக வராத நேரம், தூறல். கேட்டுக்கு வெளியே குடையும் ஷொப்பிங் பேக்குமாக நீண்ட வரிசை. அவர் அந்த கிளினிக்குக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறார், ஆனால் முதலாளியின் குளிர் அறைக்கு மட்டும். இந்த வரிசையைப் பார்த்ததேயில்லை. என்னைக் காரில் இருத்திவிட்டு அவர் போய் நின்றார்.

ரொம்ப நேரம் கழித்து, தலை நனைந்து, வெறும் கையோடு வந்தார்.

"நம்பர் எங்க மாப்பிள்ளை?"

"கெடச்சது அத்தை. குடுத்துட்டேன்."

கடைசி நம்பர் அவருக்குத்தான் கிடைத்திருக்கிறது. அவருக்குப் பின்னால் கலஹாப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்த ஒரு வயசானவர். நம்பர் முடிந்தது, நாளைக்கு வாங்க என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெரியவர் சண்டை போடவில்லையாம். "வீட்டிலேர்ந்தே எடுக்கலாம்னு சொன்னாங்களே, அது எப்ப தாயி வரும்?" என்று மட்டும் கேட்டாராம். நம்பர் கொடுக்கிற பெண், "வரும் வரும்ங்கிறாங்க ஐயா. எல்லாத்தையும் முடிச்சுத்தான் தருவாங்களாம். எங்களுக்கு எல்லாமும் எதுக்கு? இந்த நம்பர் மட்டும் வந்தாலே போதும்" என்றாளாம். பக்கத்தில் நிற்பது யார் என்று அவளுக்குத் தெரியாது.

  காரை எடுக்கும் முன்னால் மாப்பிள்ளை திகனப் பிள்ளைக்குப் போன் போட்டார். "அந்தப் பக்கத்த இன்னிக்கே கொண்டுபோய்க் குடுங்க. பெயின்ட் பிறகு அடிப்போம்."

கொடுத்தார்கள். உடனே எல்லாம் தேனும் பாலுமாக ஓடியது என்று சொல்லமாட்டேன். எழுத்துச் சின்னதாக இருக்கிறது, ஒரே ஆளுக்கு இரண்டு நம்பர் விழுகிறது என்று அந்தப் பெண் ஓயாமல் போன் பண்ணினாள். ஒவ்வொரு போனுக்கும் மாப்பிள்ளை, "பாத்தீங்களா, மானம் போகுது" என்று தலையில் கைவைப்பார். திகனப் பிள்ளையோ, "இப்பவே தெரிஞ்சது நல்லம் சேர்" என்று சந்தோஷமாகத் திருத்துவாள். மாசக் கடைசி வருவதற்குள் கேட்டடி வரிசை பாதியாகக் குறைந்துவிட்டது. காலுக்கு மருந்து வாங்கப் போன நானே கண்ணால் பார்த்தேன்.

கொழும்பு மாத்தயா வந்த அன்று நான் கீழேயே இருந்துகொண்டேன். பெரிய மனுஷர் முன்னால் மாமியார் போய் நின்று மாப்பிள்ளையைச் சிரிப்புக்கு ஆளாக்கக் கூடாது அல்லவா? ஆனால் குண்டசாலைத் தம்பி இறங்கி வந்து, "ஆச்சி, சேர் வரச் சொன்னது" என்று கையைப் பிடித்து ஏற்றினான். மாத்தயா என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். மாப்பிள்ளை, "இவங்களும் எங்க கூட்டத்தில ஓராள்" என்று சிங்களத்தில் சொன்னார். அந்தப் பாஷை எனக்கு நல்லா விளங்கும்.

பிள்ளைகள் ஒவ்வொருத்தராகச் சொன்னார்கள். வழக்கமாக முதலில் பேசுகிற மாப்பிள்ளை கடைசியாகப் பேசினார். 

"இவங்களுக்குத் தடையா இருக்கிறத எடுத்துவிடறதுதான் இப்ப என் வேலை. முதல்ல எடுக்க வேண்டியிருந்தது என்னையத்தான். இவங்களே எல்லாம் செஞ்சா நான் எதுக்குன்னு பயந்துட்டேன். அதான் மறிச்சுக்கிட்டு இருந்தேன்."

 ஐயோ மனுஷா, டீமைப் பிடுங்க வந்தவரிடமே இதைச் சொல்கிறீரே என்று மனசுக்குள் கத்தினேன். மாத்தயா பிள்ளைகள் பக்கம் திரும்பி, அப்படியானால் இனி உங்களுக்கு மேனேஜர் தேவையில்லையா என்று கேட்டார்.  குண்டசாலைத் தம்பிதான் முதலில் பேசினான்.

"சேர் இருக்கணும் மாத்தயா. நாங்க கொழும்புக்குப் பேசினா யாரும் போனே எடுக்கிறதில்ல. சேர் பேசினா அன்டைக்கே நடக்குது. தடை வந்தா நாங்க யாருக்கிட்ட சொல்றது?"

"ஓம் சேர்" என்றாள் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அவள் குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்குத் தெரியாது. திகனப் பிள்ளை மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள், அவ்வளவுதான்.

மாத்தயா சிரித்துவிட்டார். டீமை மாற்றுகிற பேச்சை இதோடு விட்டுவிடலாம் என்றார். பிறகு இரண்டு கோப்பை பிளேன்டீ குடித்துவிட்டுப் போனார். நான் குசினிக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதேன், பிறகு பாயாசம் வைத்தேன்.

ஆபிஸ் சுவரைக் கட்டி முடித்து அவர்கள் போய்விட்டார்கள். மாப்பிள்ளைக்கு மட்டும் பழக்கம் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகளிடம் போய், "இன்னிக்கு உனக்கு என்ன தடை?" என்று கேட்டிருக்கிறார். "குசினி வாசல அடைச்சுக்கிட்டு நிக்கிறீங்களே, அதான்" என்றாளாம் இவள். எழுதும்போது இப்போதும் சிரிக்கிறாள்.

பயத்தை உள்ளே மறைத்துக்கொண்டு வெளியே அதிகாரம் காட்டுகிற மனுஷர்களை இந்த வயசுக்குள் நான் நிறையப் பார்த்துவிட்டேன், நானும் அதில் ஒருத்திதான். தன் பிழைப்பே போகக்கூடிய இடத்தில் நின்று அந்தப் பயத்தை வாய்விட்டுச் சொன்ன ஒருவரைப் பார்த்ததிலிருந்து, இந்த வீட்டில் யாராவது புதிதாக ஒன்றைச் செய்ய வரும்போது எனக்குக் கோபம் வந்தால், எதற்குப் பயப்படுகிறாய் என்று முதலில் என்னைத்தான் கேட்டுக்கொள்கிறேன்.